பனிமலைக்குள் முதல் குளிர்காலம்: பனிச்சரிவுக்கு எட்டாமல் நடப்பது எப்படி

ஸ்கீ மைதானத்தின் எல்லைக் கயிற்றுக்குள் இருக்கும்வரை, பனிச்சரிவைப் பற்றிக் கவலைப்பட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அதிகாலையிலேயே போய் வெடி வைத்து, ஆபத்தான சரிவுகளைக் காலி செய்துவிட்டுத்தான் பாதையைத் திறப்பார்கள். கயிற்றைத் தாண்டிய அடுத்த அடியிலிருந்து அந்த வேலை உங்களுடையது. ஸ்கீயில் ஏறினாலும் சரி, ஸ்னோஷூ கட்டிக்கொண்டு நடந்தாலும் சரி, கூடாரம் தூக்கிக்கொண்டு பனிக்கால மலையேற்றம் போனாலும் சரி, விதி ஒன்றுதான்.

எடுத்த எடுப்பில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பொழுதுபோக்காக மலைக்குப் போய்ப் பனிச்சரிவில் சிக்கிய விபத்துகளில் பத்துக்கு ஒன்பதில், அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டது சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான். மேலே எங்கிருந்தோ தானாகக் கிளம்பி வந்து ஆளை அள்ளிப்போவது குறைவு. எனக்கு இது நம்பிக்கை தருகிற செய்தி. எங்கே கால் வைக்கிறோம், எங்கே வைக்காமல் திரும்புகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

புதியவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: பனியைப் படிக்கக் கற்றுக்கொள்ளப் பல குளிர்காலங்கள் ஆகும், சரிவின் கோணத்தை அளக்க ஒரு பிற்பகல் போதும். ஆகவே பனி பிடிபடும்வரை கோணத்தை வைத்து முடிவெடுங்கள்.

பனி ஏன் பிய்த்துக்கொள்கிறது

தரையில் கிடக்கும் பனி ஒரே கட்டி கிடையாது. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. இடையில் அடித்த வெயில், வீசிய காற்று, தெளிந்த வானத்தோடு வந்த கடுங்குளிர் இரவு எல்லாம் அந்தந்த நேரத்து மேற்பரப்பை மாற்றிவிட்டுப் போகும். அப்புறம் அதன்மேல் அடுத்த பொழிவு விழுந்து மூடிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளை.

உயிரை வாங்குவது பெரும்பாலும் பலகைப் பனிச்சரிவு. மேலே துகளோடு துகள் ஒட்டி இறுகிய அடுக்கு, அதற்கு அடியில் ஒட்டாத பலவீன அடுக்கு. கோலிக்குண்டுகளைப் பரப்பி அதன்மேல் பலகையை வைத்துச் சாய்த்தால் எப்படியோ அப்படி. உங்கள் எடை பலவீன அடுக்கை ஓரிடத்தில் நொறுக்கிவிட்டால், அந்த நொறுங்கல் பலகைக்கு அடியிலேயே நாலாபக்கமும் ஓடுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் உங்களுக்கு வெகு மேலே விரிசல் விழுகிறது. அப்போது நீங்கள் நகர ஆரம்பித்த பலகையின் நடுவில் நிற்கிறீர்கள். ஒதுங்கிக்கொள்ள நேரம் இருப்பதில்லை.

பலவீன அடுக்குகளில் முக்கியமானது சர்க்கரைப் பனி. அது உருவாகும் விதம் தெரிந்தால் பாதி விஷயம் பிடிபடும். பனிக்கு அடியில் இருக்கும் தரை, குளிர்காலம் முழுக்கப் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே இருக்கும். மேலே காற்று மைனஸ் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பனி 2 மீட்டர் தடிமன் இருந்தால், ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் 1 டிகிரி வித்தியாசம். அதே குளிரில் பனி 40 சென்டிமீட்டர்தான் என்றால், ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் 5 டிகிரி. 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரி என்ற அளவைத் தாண்டும்போது பனிக்குள் நீராவி கீழிருந்து மேலாக வேகமாக நகர ஆரம்பிக்கும். துகள்களை ஒட்டவைத்திருந்த பிணைப்புகள் கரைந்து, கோணலும் மூலையுமான படிகங்கள் வளரும். குழி வெட்டி அதன் சுவரில் அந்த அடுக்கைக் கையுறையால் தடவினால், ஒட்டிக்கொள்ளாமல் பொலபொலவென்று உதிரும். உள்ளங்கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தாலும் உருண்டையாகாது, விரலிடுக்கில் வழிந்து போய்விடும். ஒரு மீட்டர் கனமான பனி சில நேரம் இதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இதிலிருந்து தெரிவது, பனி குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பது தவறு. மெல்லிய பனியும் நீண்ட குளிரும் சேர்ந்த குளிர்காலத்தில்தான் சர்க்கரைப் பனி பிரமாதமாக வளரும். ஒரே சரிவிலும், பாறைகள் தலைகாட்டும் மெல்லிய இடங்களில் பலவீன அடுக்கு உங்கள் காலுக்கு அருகில் இருக்கும். பலகையைக் கிளப்பிவிட அங்கேதான் சுலபம். ஒதுங்கலாமே என்று பாறைப் பக்கம் போகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று உறைபனி இறகு. தெளிந்த, காற்றில்லாத, ஈரமான இரவுகளில் பனியின் மேற்பரப்பில் மெல்லிய இறகு மாதிரிப் படிகங்கள் முளைக்கும். காலை வெயிலில் மின்னும், பார்க்க அத்தனை அழகு. அவை கலையாமல் அடுத்த பனிப்பொழிவு மூடிவிட்டால், வாரக்கணக்கில் உள்ளே நின்று ஆளுக்காகக் காத்திருக்கும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் வீசினாலே, கிடக்கும் பனியை அள்ளி மலைமுகட்டுக்கு மறுபக்கம் கொட்ட ஆரம்பிக்கும். வானத்திலிருந்து ஒரு துளி விழாமலேயே, காற்று மறைவுப் பக்கத்தில் சில மணி நேரத்தில் புதிய பலகை தயாராகிவிடும். நீலவானத்தைப் பார்த்து நம்பிப் போகக்கூடாது.

முந்தைய நாள் மாலை: அறிக்கையைப் படியுங்கள்

பனிமலை உள்ள பல நாடுகளில் பனிச்சரிவு முன்னறிவிப்பு வெளியாகிறது. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் ஆய்வு நிறுவனம், கனடாவின் அவலாஞ்ச் கனடா, அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் தகவல் மையம், இந்திய இமயமலைக்குப் பாதுகாப்புத் துறையின் ஆய்வகமான டி.ஜி.ஆர்.இ. என்று ஒவ்வொரு மலைக்கும் ஓர் அமைப்பு உண்டு. உங்கள் மலைக்கு எது என்று கண்டுபிடித்து, குளிர்காலம் தொடங்கும்போதிருந்தே தினமும் படித்துவாருங்கள். பயணத்துக்கு முந்தைய நாள் மட்டும் படித்தால், ‘டிசம்பரில் புதைந்த அடுக்கு’ என்று அவர்கள் எழுதுவதன் கனம் புரியாது.

அபாய அளவுகோல் ஐந்து நிலை கொண்டது. ஐரோப்பாவில் 1993-இல் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது, வட அமெரிக்காவிலும் ஐந்து நிலைதான். குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம் என்று போகும். மூன்றாம் நிலையில்தான் கவனம் தேவை. ஐந்தில் மூன்று என்றதும், பள்ளி மதிப்பெண் மாதிரி நடுத்தரம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு நிலைக்கும் அபாயம் ஒரு படி கூடுவதில்லை, மடங்காகப் பெருகுகிறது. உயிரிழப்புகளில் பெரும்பங்கு இந்த மூன்றாம் நிலை நாட்களில்தான் நடக்கிறது. நான்கில் எல்லோரும் பயந்து வீட்டில் இருப்பார்கள், மூன்றில் கிளம்பிவிடுவார்கள். முதல் குளிர்காலத்தில் மூன்று என்று கண்டால், 30 டிகிரிக்குக் குறைந்த இடங்களைத் தவிர வேறெங்கும் திட்டம் போடாதீர்கள். நான்கும் ஐந்தும் என்றால் மலையே வேண்டாம்.

எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அதற்குக் கீழேதான் உண்மையான விஷயம் இருக்கிறது: பிரச்சினை புதுப்பனியா, காற்றுப் பலகையா, நீடித்த பலவீன அடுக்கா, ஈரப்பனியா, தரையோடு வழுக்கும் பனியா? எந்தத் திசை பார்த்த சரிவில்? எந்த உயரத்துக்கு மேல்? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘வடக்கு, கிழக்கு, 2200 மீட்டருக்கு மேல், நீடித்த பலவீன அடுக்கு’ என்று ஒரே வரி போதும். மலையில் களைத்துப்போய் நிற்கும்போது அந்த ஒரு வரிதான் பேசும்.

அடுத்து வரைபடம்: கோணம் பார்ப்பது

பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில் கிளம்புகின்றன. 38 டிகிரியைச் சுற்றித்தான் மிக அதிகம். 45-ஐவிடச் செங்குத்தான இடத்தில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். 30-ஐவிடச் சாய்வு குறைந்த இடத்தில் பலகை நகர விசை போதாது. ஸ்கீக்கு இன்பமான சரிவுகள் எல்லாம் கச்சிதமாக இந்த 30-லிருந்து 40-க்குள்தான் விழுகின்றன என்பதுதான் சிக்கலே.

காகித வரைபடம் 1:25,000 அளவில், 20 மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு என்றால், இரண்டு கோடுகளுக்கு இடைவெளி 1.4 மில்லிமீட்டர் இருக்கும் இடம் 30 டிகிரி. அதைவிட நெருக்கமாக இருந்தால் அதற்கு மேல். கைபேசி வரைபடச் செயலிகள் பலவற்றில் சரிவுக் கோணத்தை நிறமாகக் காட்டும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, உங்கள் பாதையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். எங்கெல்லாம் நிறத்தைக் கடக்கிறதோ அங்கே குறி வையுங்கள். ஒன்று தெரிந்திருக்கட்டும்: பத்து மீட்டர் உயரச் சின்ன மேட்டின் செங்குத்து அந்தப் படத்தில் மழுங்கிப் போயிருக்கும். அதுவும் ஆளைப் புதைக்கப் போதுமானது.

உங்கள் காலடியில் இருக்கும் கோணத்தை மட்டும் பார்த்தால் போதாது. உங்களுக்கு மேலே என்ன தொங்குகிறது என்பதையும் பாருங்கள். சமதளப் பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருப்பவர் மேலும் பனி வந்து விழும். பலவீன அடுக்கு விரிந்து பரந்திருக்கும் நாளில், அடிவாரத்தில் நீங்கள் வைத்த காலே மேலே இருக்கும் சரிவைக் கிளப்பிவிடும். கீழே என்ன இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். குறுகலான ஓடைப் பள்ளம் இருந்தால், சின்னப் பனிச்சரிவும் அதற்குள் குவிந்து ஆழமாக மூடும். பாறை விளிம்பு, மரங்கள், பனியாற்றுப் பிளவு இருந்தால் புதையாமலேயே சாகலாம்.

களத்தில் அளக்க, ஸ்கீ கம்பைப் பனியில் சரிவு வாக்கில் படுக்கவைத்து அதன்மேல் கைபேசியின் கோணமானியை வையுங்கள். பாதுகாப்பான சின்ன மேடுகளில் இதைத் திரும்பத் திரும்பச் செய்துபாருங்கள். முதலில் கண்ணால் ஊகியுங்கள், அப்புறம் அளவெடுங்கள். கொஞ்ச நாளில் கண் பழகிவிடும். ஆபத்தான சரிவை அளக்க அதன்மேல் ஏறக் கூடாது. பக்கவாட்டில் தள்ளி நின்று கம்பை அதன் சாய்வுக்கு இணையாகப் பிடித்து அளந்தாலே போதும்.

சாமான்கள்

பீக்கன், புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் (பனியை அள்ளும் மண்வாரி). மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் கிட்டத்தட்ட வீண். பீக்கன் என்பது 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சமிக்ஞை அனுப்பவும் பிடிக்கவும் தெரிந்த கருவி. எந்த நிறுவனத்துடையதும் மற்றதோடு பேசும். மூன்று ஏரியல் கொண்ட டிஜிட்டல் கருவியாக வாங்குங்கள். பையில் போடாமல் உடம்போடு, மேல்சட்டைக்கு அடியில் கட்டிக்கொள்ள வேண்டும். கைபேசியை அதிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும், தேடும்போது 50 சென்டிமீட்டர். புரோப் 240 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஷவல் உலோகமாக இருக்கட்டும், பிளாஸ்டிக் இறுகிய பனியில் வளைந்துவிடும். கைப்பிடியை இழுத்தால் ஊதி, ஆளைப் பனிக்கு மேலே வைத்திருக்கப் பார்க்கும் காற்றுப்பை முதுகுப்பை உதவும், ஆனால் விலை உயர்ந்தது. பயிற்சிக்குச் செலவு செய்த பிறகு மீதி இருந்தால் வாங்கலாம்.

கிளம்பும் இடத்தில் ஒருவர் தன் பீக்கனைத் தேடும் நிலையில் வைத்துக்கொண்டு நிற்கட்டும். மற்றவர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கடந்து போக, எல்லாருடைய கருவியும் அனுப்புகிறதா என்று பார்த்துவிடலாம். பிறகு அவர் தன் கருவியை அனுப்பும் நிலைக்கு மாற்றுவதை இன்னொருவர் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இரண்டு நிமிட வேலை. குளிர்கிறது, நேரமாகிறது என்று சொல்லி இதை விட்டுவிடாதீர்கள்.

வழியில்: மலை சொல்லும் எச்சரிக்கைகள்

சில அறிகுறிகளுக்கு விளக்கமே தேவையில்லை. பக்கத்துச் சரிவில் இன்றோ நேற்றோ பனிச்சரிவு நடந்த தடம். ஸ்கீ முனையிலிருந்து கண்ணாடியில் கீறல் ஓடுவதுபோல் வேகமாக ஓடும் விரிசல். ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் புதுப்பனி. பனிமீது மழை. மூன்று நான்கு மணி நேரத்தில் சட்டென்று ஏறும் வெப்பம். காற்று பனியை முகட்டுக்கு மேல் கொடி மாதிரி இழுத்துச் செல்வது.

எல்லாவற்றையும்விடத் தெளிவான எச்சரிக்கை ஒரு சத்தம். சமதளத்தில் நடந்துகொண்டிருப்பீர்கள். திடீரென்று காலடியில் ‘உம்ம்’ என்று அடித்தொண்டையிலிருந்து வரும் அமுங்கிய ஒலி. தரை ஒரு சென்டிமீட்டர் இறங்கிய உணர்வு. அந்த ஒலி உங்களைவிட்டு விலகி ஓடுவதுகூடக் காதில் விழும், பத்து மீட்டர் தள்ளி நிற்கும் சிறு மரத்தின் கிளையிலிருந்து பனித்தூள் உதிரும். பலவீன அடுக்கு உங்கள் எடையில் நொறுங்கி, அது பரவிய சத்தம் அது. இது சமதளத்தில் நடந்ததால்தான் நீங்கள் இன்னும் நிற்கிறீர்கள். அதைக் கேட்ட பிறகு 30 டிகிரிக்கு மேற்பட்ட எந்தச் சரிவுக்கும், அதன் அடிவாரத்துக்கும் அன்றைக்குப் போகாதீர்கள். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

பனிக்குழி வெட்டித் தட்டிப் பார்க்கும் சோதனைகளைப் பற்றிக் கேட்பீர்கள். 30 சென்டிமீட்டர் சதுரத் தூணை வெட்டி, அதன்மேல் ஷவலை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டுவார்கள். எப்போது, எந்த அடுக்கில் உடைகிறது என்று பார்ப்பது. கற்றுக்கொள்ள அருமையான வழி, கட்டாயம் செய்து பாருங்கள். ஆனால் அந்த முடிவை ‘போகக் கூடாது’ என்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஓரிடத்துத் தூண் உடையவில்லை என்பது, இருபது மீட்டர் தள்ளி என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது.

மனிதர்களைப் பற்றி

அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கமன் 700-க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து எழுதியவை 2000-களின் தொடக்கத்தில் வெளிவந்தன. மக்கள் மாட்டிக்கொண்டது அறியாமையால் மட்டும் என்று அவர் காணவில்லை. எச்சரிக்கை அறிகுறிகள் கண்ணெதிரே இருந்த இடங்களிலும், பயிற்சி பெற்றவர்களும் போய் மாட்டியிருந்தார்கள். பழகிய இடம்தானே என்ற எண்ணம், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற பிடிவாதம், கூட வந்தவர் பெரிய ஆள் என்ற நம்பிக்கை, மற்றவர்கள் முந்திக்கொள்வார்களே என்ற அவசரம். எல்லாம் சாதாரண மனித குணங்கள்தான்.

குறிப்பாக மற்றவர்களின் தடம். சரிவில் ஐந்து பேர் இறங்கிய தடம் இருக்கிறது, ஆகவே பத்திரம் என்று எல்லோருக்கும் தோன்றும். நீடித்த பலவீன அடுக்கு இருக்கும் சரிவில் முதல் பத்துப் பேர் தடிமனான இடத்தின்மேல் போய்த் தப்பித்திருக்கலாம். பதினோராவது ஆள் மெல்லிய இடத்தில் கால் வைத்தால் முழுச் சரிவும் வரும்.

இதற்கு நான் நம்பும் மருந்து: கிளம்பும் முன்பே, சூடான அறையில் உட்கார்ந்து, திரும்பும் நிபந்தனைகளை எல்லோரும் சேர்ந்து எழுதுங்கள். மதியம் இத்தனை மணி, இந்த அறிகுறி, இந்த இடம். குழுவில் யார் ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலும் திரும்புவது என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். காரணம் கேட்கக் கூடாது. குழுவிலேயே அனுபவம் குறைந்தவர் வாய் திறக்க இது ஒன்றுதான் வழி. குழு பெரிதானால் பேசி முடிவெடுப்பது கடினம் என்பதால், சின்னக் குழுவாகப் போங்கள்.

தவிர்க்கவே முடியாத சரிவைக் கடக்க நேர்ந்தால் ஒருவர் பின் ஒருவராகத்தான், ஒருவர் பத்திரமான இடத்தை அடைந்த பிறகு அடுத்தவர். மற்றவர்கள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நின்று மூச்சு வாங்குவதும் புகைப்படம் எடுப்பதும் சரிவுக்கு வெளியே.

வந்தே விட்டால்

கம்புகளைக் கைவிட்டு, முடிந்தால் பக்கவாட்டில் வெளியேறப் பாருங்கள். காற்றுப்பை இருந்தால் இழுங்கள். வேகம் குறைவது தெரியும்போது கையை முகத்துக்கு முன் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் உண்டாக்குங்கள். நின்ற மறுநொடி பனி இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது.

வெளியே நிற்பவர்கள்தான் இனி எல்லாம். சுவிட்சர்லாந்தின் விபத்துப் பதிவுகளை வைத்துச் செய்த அண்மை ஆய்வின்படி, முழுதாகப் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்தில் அது பத்தில் மூன்றாகக் குறைகிறது. எந்த மீட்புப் படையும் பத்து நிமிடத்தில் வராது.

கடைசியாக அவரைப் பார்த்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு சரிவு வரும் அபாயம் இல்லை என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். ஆட்கள் போதுமென்றால் ஒருவர் உதவிக்கு அழைக்கட்டும், இரண்டே பேர் என்றால் முதலில் தேடல். மிஞ்சியிருக்கும் எல்லோரும் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மாற்ற மறந்தாலும் மற்றவர்கள் அவரையே தேடிக்கொண்டிருப்பார்கள். 40 மீட்டர் அகலப் பட்டைகளாக, கண்ணாலும் தேடிக்கொண்டே இறங்குங்கள். கையுறை, ஸ்கீ முனை எது தெரிந்தாலும் இழுத்துப் பாருங்கள். சமிக்ஞை கிடைத்ததும் அம்பு காட்டும் வழியே போங்கள். திரையில் தூரம் காட்டும் எண் மூன்றுக்குக் கீழே வந்ததும் கருவியைப் பனியை ஒட்டித் தாழ்த்தி, மெதுவாக, திருப்பாமல், சிலுவை மாதிரி முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்த்தி மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள் வடிவில், பனி மேற்பரப்புக்குச் செங்குத்தாக புரோப்பைக் குத்துங்கள். ஆளைத் தொட்டதும் புரோப்பை உருவாதீர்கள், அதுதான் இனி அடையாளம்.

தோண்டுவதில்தான் பெரும்பாலான நேரம் போகும். புரோப்புக்கு நேர் மேலே தோண்டாமல், ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் கீழ்ப்பக்கமாக விலகி, அங்கிருந்து உள்நோக்கி வெட்டுங்கள். முன்னால் இருப்பவர் வெட்டட்டும், பின்னால் இருப்பவர்கள் பனியைத் தள்ளட்டும். களைத்ததும் இடம் மாறுங்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்கவே ஒரு டன்னுக்கு மேல் பனியை அகற்ற வேண்டியிருக்கும். தலை தெரிந்தவுடன் வாய், மூக்கு, அப்புறம் நெஞ்சின் மேலிருக்கும் பனி. மூச்சு இல்லையென்றால் உடனே செயற்கைச் சுவாசம்.

இதை வாசித்துக் கற்றுக்கொள்ள முடியாது. கனடாவில் ஏ.எஸ்.டி. 1, அமெரிக்காவில் லெவல் 1 என்று அழைக்கப்படும் இரண்டு மூன்று நாள் வகுப்புகள் இருக்கின்றன, மற்ற மலை நாடுகளிலும் மலையேற்றச் சங்கங்கள் நடத்துகின்றன. முதல் பயணத்துக்கு முன் அதை முடித்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் குழுவோடு ஒரு பூங்காவிலோ திடலிலோ கூடி, பீக்கனைப் பைக்குள் வைத்துப் புதைத்துவிட்டு, கடிகாரம் வைத்துத் தேடிப் பழகுங்கள்.

மலையிலிருந்து திரும்பியதும், பார்த்ததை முன்னறிவிப்பு மையத்துக்குத் தெரியப்படுத்துங்கள். எந்தத் திசைச் சரிவில், எந்த உயரத்தில், எத்தனை மணிக்கு விரிசலைக் கண்டீர்கள், சத்தம் கேட்டீர்கள் என்ற இரண்டு வரியும் ஒரு படமும் போதும். ஆள் போகாத பள்ளத்தாக்குகளைப் பற்றி அவர்களுக்குக் கிடைக்கும் தகவலில் கணிசமான பகுதி இப்படி வருவதுதான். மறுநாள் காலை அதே பக்கம் கிளம்பும் இன்னொரு குழு அந்த அறிக்கையைத்தான் படிக்கப்போகிறது.